குடும்பச் சண்டைக்குள் அரசு அதிகாரம்: அலாஸ்கா 'ட்ரூப்பர்கேட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதவியில் இருப்பவர் தன் வீட்டுத் தகராறைத் தீர்த்துக்கொள்ள அரசு அலுவலகத்தைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எல்லா நாட்டிலும் எழுவதுதான். ஆனால் அது ஆவணங்களோடும் ஒலிப்பதிவோடும் இரண்டு அதிகாரபூர்வ அறிக்கைகளோடும் பொதுவெளிக்கு வருவது அபூர்வம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2008-ல் அப்படி ஒன்று வந்தது. மாநிலப் போலீஸ்காரரை அங்கே 'ட்ரூப்பர்' என்பார்கள், அரசியல் விவகாரங்களின் பெயரோடு 'கேட்' சேர்ப்பது அங்கே வழக்கம்; அதனால் இதற்கு 'ட்ரூப்பர்கேட்' என்று பெயர் வந்தது. அதை வைத்துப் பேசினால் இந்த விஷயத்தின் நெளிவுசுளிவுகள் நன்றாகப் புரியும் என்பதால் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சாரா பேலின் 2006 டிசம்பரில் அலாஸ்காவின் ஆளுநரானார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் ஊர் முதலமைச்சரைப் போன்றவர். ஆங்கரேஜ் நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த வால்ட் மோனகனை அவர் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஆணையராக நியமித்தார். மாநிலப் போலீஸ் முழுக்க அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது.

அதே போலீஸில் ஆளுநரின் தங்கையை மணந்து விவாகரத்தான ஒருவர் காவலராக இருந்தார். அவர்மேல் பேலின் குடும்பத்துக்குக் கடுமையான கோபம். ஆளுநரின் கணவரும் அலுவலக அதிகாரிகளும் அந்தக் காவலரைப் பற்றி மோனகனிடம் திரும்பத் திரும்பப் பேசினார்கள். மோனகன் அவர்மேல் மறுபடி நடவடிக்கை எடுக்கவில்லை. 2008 ஜூலை 11 அன்று மோனகன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். குடும்பப் பகைதான் காரணமா என்ற கேள்வி எழுந்தது. ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளராகப் பேலினை அறிவித்ததும் மாநில விவகாரம் தேசிய விவகாரமாகிவிட்டது.

அந்தக் காவலரின் பெயரையோ ஆளுநரின் தங்கை பெயரையோ இங்கே எழுதவில்லை. அவர்கள் அரசியலுக்கு வந்தவர்கள் அல்லர்.

அந்தக் காவலர் உண்மையிலேயே தவறு செய்தவரா? இல்லை, குடும்பம் வீணாகப் பழி போட்டதா?

தவறு செய்திருந்தார். இதை மறைத்துவிட்டுப் பேசினால் விவகாரமே புரியாமல் போய்விடும்.

2005-ல் விவாகரத்து வழக்கு தொடங்கிய சமயத்தில் குடும்பத்தார் போலீஸிடம் புகார்களைக் கொடுத்தார்கள். பேலின் அப்போது எந்தப் பதவியிலும் இல்லை. அவரும் அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் மாநிலப் போலீஸ் தலைமைக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார். வளர்ப்பு மகனாகிய சிறுவன்மேல் டேசர் எனப்படும் மின்துப்பாக்கியைப் பயன்படுத்தினார், உரிய அனுமதி இல்லாமல் மூஸ் மானைச் சுட்டார், போலீஸ் வண்டியில் பீர் குடித்தார், மாமனாரைச் சுட்டுவிடுவதாகப் பேசினார் என்பவை புகார்களில் முக்கியமானவை. துறை விசாரித்தது. சிறுவன்மேல் டேசரைப் பயன்படுத்தியதை அவரே ஒப்புக்கொண்டார். 2006 மார்ச்சில் 10 நாள் சம்பளமில்லாத இடைநீக்கம் விதித்தார்கள். தொழிற்சங்கம் முறையிட்டதில் அது 5 நாளாகக் குறைந்தது.

ஒரு குழந்தைமேல் மின்துப்பாக்கியை நீட்டியவருக்கு 5 நாள் தண்டனை போதுமா? எனக்குப் போதாது என்றுதான் தோன்றுகிறது. வாசிக்கும் பலருக்கும் அப்படித்தான் தோன்றும். பேலின் குடும்பத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது.

அப்படியானால் அவரை வேலையிலிருந்து எடுக்கச் சொன்னதில் என்ன தப்பு?

பேலின் ஆளுநராவதற்கு முன்பே அந்த வழக்கு முடிந்துவிட்டது. புகார் வந்தது, விசாரணை நடந்தது, தண்டனை கொடுத்தாயிற்று. ஒரே குற்றத்துக்கு ஓர் ஊழியரை இரண்டு முறை தண்டிக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு அவருக்கு மட்டும் கிடைத்த சலுகை இல்லை, அந்தப் படையில் உள்ள எல்லாருக்கும் உரியது.

இதே புகாரை வேறொரு சாதாரணக் குடும்பம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'விசாரணை முடிந்தது, நன்றி' என்று ஒரு கடிதம் வந்திருக்கும். அவர்களால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடிந்திருக்காது. அக்கா ஆளுநராகிவிட்டார் என்ற ஒரே காரணத்தால் மூடிய கோப்பு மறுபடி மேசைக்கு வருகிறது என்றால், கேட்கிற விஷயம் நியாயமானதாக இருந்தாலும், அதைக் கேட்க வைக்கிற பலம் அவர்களுடையது அல்ல. மக்கள் கொடுத்த பலம் அது.

பதவியில் இருப்பவர் தலையிட்டால் உண்மையான புகாரும் கெட்டுப்போகிறது. அதன் பிறகு அந்தக் காவலர் புதிதாக ஒரு தவறு செய்து, துறை நேர்மையாக நடவடிக்கை எடுத்திருந்தாலும், 'ஆளுநர் பழிவாங்குகிறார்' என்று அவர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். பேலின் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கக்கூடிய வழியைப் பேலின் குடும்பமே அடைத்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

'அவரை வேலையைவிட்டு எடு' என்று ஆளுநர் உத்தரவு போட்டாரா?

இல்லை. மோனகனே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆளுநரோ அவர் கணவரோ அதிகாரிகளோ யாரும் 'நீக்கு' என்று வாய் திறந்து சொல்லவில்லை. நம் போலீஸின் முகமாக இருக்கத் தக்க ஆள் இவர் இல்லை என்கிற மாதிரிதான் பேசினார்கள் என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம்.

ஆனால் யார் யார் பேசினார்கள் என்று பாருங்கள். 2007 ஜனவரி தொடக்கத்தில், ஆட்சி அமைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஆளுநரின் கணவர் டாட் பேலின் மோனகனை ஆளுநர் அலுவலகத்துக்கு வரவழைத்து அந்தக் காவலர் பற்றிய கோப்புகளைக் கொடுத்தார். மோனகன் அவற்றைப் பார்த்துவிட்டு, இது முடிந்துபோன விஷயம், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஆளுநரே தொலைபேசியில் பேசினார் என்பது மோனகன் சொன்னது. தலைநகர் ஜூனோவில் நேரில் பார்த்தபோதும் ஆளுநர் பேச்சை எடுக்க, இந்த விஷயத்தில் நீங்கள் ஒதுங்கியே இருப்பது நல்லது என்று மோனகன் எச்சரித்தாராம். அதற்கப்புறம் ஆளுநரின் தலைமை அலுவலர் பேசினார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் பேசினார். நிர்வாகத் துறை ஆணையர் பேசினார். இப்படி ஆளுநரின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட முறை போலீஸ் துறையைத் தொடர்புகொண்டிருந்தார்கள் என்பதைப் பேலினே 2008 ஆகஸ்ட் 13 அன்று பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அன்றுதான் அந்த ஒலிப்பதிவும் வெளியானது. 2008 பிப்ரவரி கடைசியில் ஆளுநர் அலுவலகத்தில் நியமனங்களைக் கவனித்துவந்த ஃபிராங்க் பெய்லி என்ற அதிகாரி, கெட்சிக்கன் ஊரில் இருந்த ஒரு போலீஸ் லெப்டினன்ட்டை அழைத்தார். இந்த ஆள் ஏன் இன்னும் துறையில் இருக்கிறார் என்று டாடும் சாராவும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றார் பேலின். இத்தனை அழைப்புகள் வரிசையாகப் போனது அழுத்தமாகத் தெரிய வாய்ப்புண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டார்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது விளங்கும். 'ஐயா வருத்தப்படுகிறார்', 'அம்மா விசாரித்தாங்க' என்றால் போதும். எழுத்தில் எதுவும் இருக்காது. பிற்பாடு கேட்டால் 'வெறுமனே விசாரித்தோம்' என்று சொல்லிவிடலாம். உத்தரவு இருந்ததா என்று மட்டும் தேடுகிற விசாரணை இந்த மாதிரி விவகாரங்களில் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பும்.

ஆளுநரின் கணவர் அரசு ஊழியரே இல்லையே. அவர் ஒரு குடிமகனாகப் புகார் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம், எல்லாரும் சொல்கிற இடத்தில். மாநிலப் போலீஸின் புகார்ப் பிரிவுக்கு எழுதியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. அவர் ஆளுநர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருக்கும் தொலைபேசியையும் அதிகாரிகளையும் பயன்படுத்திப் பேசினார். எந்தக் குடிமகனுக்கு அந்த வசதி இருக்கிறது? கணவரை அந்த அறையில் தடுக்காமல் விட்டதுதான் ஆளுநர்மேல் முதல் அறிக்கை வைத்த முக்கியமான குறை.

ஒரு துறை ஆணையரை நீக்க ஆளுநருக்கு அதிகாரம் கிடையாதா?

உண்டு. அலாஸ்கா அரசியலமைப்பின்படி துறைத் தலைவர்கள் ஆளுநர் விரும்பும் வரைதான் பதவியில் இருக்க முடியும். காரணமே சொல்லாமல் நீக்கலாம். மோனகனோடு பட்ஜெட் விஷயத்தில் தொடர்ந்து கருத்து வேறுபாடு இருந்தது, அவர் சொல்பேச்சு கேட்கவில்லை என்று பேலின் தரப்பு சொன்னது. பாலியல் வன்முறை வழக்குகளுக்கு மத்திய நிதி கேட்க மோனகன் வாஷிங்டன் போகத் திட்டமிட்டிருந்ததும் பிணக்குக்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

அதனால் நீக்கியது சட்டப்படி சரியா என்பது ஒரு கேள்வி, அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் நடந்தது சரியா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் அந்தச் சமயத்தில் ஒரே அறிக்கையைப் படித்த இரண்டு தரப்பும் 'நாங்கள் வென்றோம்' என்று சொல்ல முடிந்தது.

விசாரித்தது யார்? தேர்தல் நேரத்து அரசியல் சூழ்ச்சி என்கிறார்களே?

விசாரணைக்கு முடிவெடுத்தது மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு குழு. இரண்டு கட்சியினரும் இருந்தார்கள். ஆனால் பெரும்பான்மை பேலினின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியினர்தான். முடிவெடுத்த நாள் 2008 ஜூலை 28, அதாவது மெக்கெய்ன் அவரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு. ஓய்வு பெற்ற அரசு வழக்கறிஞர் ஸ்டீபன் பிராஞ்ச்ஃபிளவரை நியமித்தார்கள். ஒத்துழைப்பேன் என்றுதான் பேலினும் அப்போது சொன்னார்.

வேட்பாளரான பிறகு நிலைமை மாறியது. விசாரணையை மேற்பார்த்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹாலிஸ் ஃபிரெஞ்ச் முடிவை முன்கூட்டியே கணிக்கும் விதமாகப் பத்திரிகைகளிடம் பேசியதும் சூழ்ச்சி என்ற பேச்சுக்கு எண்ணெய் வார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். டாட் பேலின் சம்மனுக்கு நேரில் வர மறுத்து, பிறகு எழுத்தில் பதில் கொடுத்தார். விசாரணையை நிறுத்தச் சொல்லிப் போட்ட வழக்கை அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அக்டோபர் 9 அன்று தள்ளிவிட்டது. மறுநாள் அறிக்கையை வெளியிடலாம் என்று குழு 12-0 என வாக்களித்தது.

முதல் அறிக்கை என்ன சொன்னது?

263 பக்கம் வெளியிட்டார்கள். முக்கியமான முடிவு: பேலின் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார், அலாஸ்காவின் அரசு நெறிமுறைச் சட்டத்தை மீறினார். அரசுப் பதவி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்தது, சொந்த நலனுக்காக அலுவல்முறையில் எடுக்கும் எந்த முயற்சியும் அந்த நம்பிக்கையை மீறுவது என்கிறது அந்தச் சட்டப் பிரிவு. தனக்குக் கீழே உள்ளவர்கள்மேல் முறையற்ற அழுத்தம் தொடர்வது தெரிந்தும் அதை அனுமதித்தார் என்பது குற்றச்சாட்டின் மையம்.

இரண்டாவது முடிவு பேலினுக்குச் சாதகமானது: காவலரை நீக்க மறுத்தது மோனகன் பதவி போனதற்கு ஒரே காரணம் அல்ல, அநேகமாக ஒரு காரணமாக இருந்திருக்கும், ஆனாலும் நீக்கியது ஆளுநரின் சட்டபூர்வ அதிகாரத்துக்கு உட்பட்டதே. அந்தக் காவலர் பணியில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டு மனுவிலும் தலையீடு நடந்ததாகப் பேச்சு இருந்தது. அது முறையாகவே கையாளப்பட்டது என்றது அறிக்கை. கேட்ட மின்னஞ்சல்களைத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கொடுக்கவில்லை என்றும் பதிவு செய்தது.

இரண்டாவது அறிக்கை அவரை விடுவித்துவிட்டதே?

ஆமாம். செப்டம்பர் தொடக்கத்தில் பேலின் தன்மேல் தானே ஒரு புகாரை மாநிலப் பணியாளர் வாரியத்திடம் கொடுத்தார். நெறிமுறைச் சட்டப்படி விசாரிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது அவர் வாதம். வாரியம் டிமோதி பெட்டுமினோஸ் என்ற வழக்கறிஞரை அமர்த்தியது. அவர் நவம்பர் 3 அன்று, தேர்தலுக்கு முந்தைய நாள், அறிக்கை கொடுத்தார்: பேலின் சட்டத்தை மீறியதாக நம்ப முகாந்திரம் இல்லை, பிராஞ்ச்ஃபிளவர் தவறான சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டார், சாட்சியங்களையும் தவறாகப் புரிந்துகொண்டார்.

அப்படியானால் எதை நம்புவது?

வாரிய உறுப்பினர்களை நியமிப்பது ஆளுநர்தான் என்பதால் அந்த அறிக்கை செல்லாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெட்டுமினோஸ் ஒரு சட்டக் கேள்விக்குப் பதில் சொன்னார். தண்டிக்கும் அளவுக்கு மீறல் நிரூபிக்கப்படவில்லை என்றார். அதை மதிக்க வேண்டும்.

ஆனால் அந்த அழைப்புகள் போனது உண்மை. ஆளுநர் அலுவலகத்தில் கோப்புகள் கைமாறியது உண்மை. ஒலிப்பதிவு உண்மை. இவை எதையும் இரண்டாவது அறிக்கை இல்லாமல் ஆக்கிவிடவில்லை. சட்டத்தில் தப்பித்த ஒரு செயலை மக்கள் தவறென்று சொல்லலாம், நான் சொல்கிறேன்.

குடும்பத்துக்கு ஆபத்து இருப்பதாகப் பயந்தால் பதவியில் இருப்பவர் என்னதான் செய்வது?

பேலின் தரப்பும் பயத்தைத்தான் காரணமாகச் சொன்னது. ஆனால் பதவியேற்றதும் தன் பாதுகாப்புப் படையை அவரே குறைத்துக்கொண்டார் என்பதை பிராஞ்ச்ஃபிளவர் எடுத்துக்காட்டி, அந்தப் பயத்தை நம்ப மறுத்தார்.

பயம் உண்மையாக இருந்தால் வழி இருக்கிறது. பாதுகாப்புப் பிரிவிடம் ஒருமுறை, எழுத்தில், ஆபத்தை மட்டும் சொல்லலாம். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 2005-ல் தங்கைக்கு அப்படி ஓர் ஆணை கிடைக்கவும் செய்தது. அந்தக் காவலர் பற்றிய எந்த முடிவிலும் எனக்குப் பங்கில்லை, என் வீட்டாரோ அலுவலகமோ இதைப் பற்றிப் பேசினால் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆணையருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். அந்த ஒரு குறிப்பு இருந்திருந்தால் பெய்லி அந்த அழைப்பைச் செய்திருக்க மாட்டார்.

இந்தியாவில் இதற்கு விதி உண்டா?

உண்டு. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு 1968-ன் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள் பொருந்தும். 2014-ல் அவற்றில் சேர்த்த பகுதி, அலுவல் கடமையோடு மோதும் சொந்த நலனை அதிகாரி தானே வெளிப்படுத்த வேண்டும், தனக்கோ குடும்பத்துக்கோ நண்பருக்கோ ஆதாயம் தேடிப் பதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குத் தனியே 1973-ன் நடத்தை விதிகள் இருக்கின்றன. ஒருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு அரசு ஊழியர் தெரிந்தே சட்டக் கட்டளையை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 198-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

விதி இருந்தும், மைத்துனரை மிரட்ட ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுவதை நம் ஊரில் பலர் தப்பாகவே நினைப்பதில்லை. 'சொந்தத்தில் அதிகாரி இருந்தும் ஒரு உதவி உண்டா' என்று வீட்டிலேயே குறைப்படுகிறோம். மறுமுனையில் நிற்பவருக்கு அந்த போன் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

மேலதிகாரி தன் குடும்ப விஷயமாக இப்படிக் கேட்டால் கீழே இருப்பவர் என்ன செய்யலாம்?

மோனகன் செய்ததைப் பார்க்கலாம். கோப்பைப் படித்தார், முடிந்த விஷயம் என்று பதில் சொன்னார். பிறகு பேசியவர்களிடம், நாம் பேசிக்கொள்வதெல்லாம் நாளைக்கு அந்தக் காவலர் வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் வெளிவரும் என்று எச்சரித்தார். மறுப்பை மேலே இருப்பவரின் நலனை வைத்தே சொன்னது சாமர்த்தியமான வழி என்று படுகிறது. நீங்களும் தேதியோடு குறித்து வையுங்கள். வாய்மொழியாக வந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். எழுதச் சொன்னதுமே பல கோரிக்கைகள் காணாமல் போய்விடும். பதவி போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. அவருக்குப் போயிற்று.

கடைசியில் யாருக்கு என்ன ஆயிற்று?

மெக்கெய்னும் பேலினும் தேர்தலில் தோற்றார்கள். சம்மனை மதிக்காததற்காக டாட் பேலினும் சில அதிகாரிகளும் அவமதிப்பு செய்தவர்கள் என்று 2009 பிப்ரவரியில் மாநில செனட் முடிவு செய்தது. தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. பேலின் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே 2009 ஜூலையில் ஆளுநர் பதவியிலிருந்து விலகினார்.

மோனகனுக்குப் பதிலாக வந்த ஆணையர், முந்தைய பணியில் அவர்மேல் இருந்த பாலியல் தொந்தரவுப் புகார் வெளியே வந்ததால், இரண்டு வாரத்திலேயே விலகினார். நீக்கப்பட்டபோது மோனகனுக்கு மது விற்பனை ஒழுங்குமுறை வாரியத்தில் ஒரு பதவி தருவதாகச் சொன்னார்கள்; அவர் வேண்டாம் என்றுவிட்டார். 2016-ல் பில் வாக்கர் ஆளுநராக இருந்தபோது, அதே பொதுப் பாதுகாப்புத் துறைக்கு மோனகனை மறுபடி ஆணையராக நியமித்தார்.